என் மகள் தானாகப் போகவில்லை

என் மகளைப் போருக்கு அனுப்பியவன் நான்.

ஊரில் யாரைக் கேட்டாலும் வேறு விதமாகச் சொல்வார்கள். தம்பியின் படிப்புக்காகத் தானே முன்வந்து போனவள் என்பார்கள். மகனும் அப்படித்தான் நம்புகிறான். ஏன், அவளே அப்படித்தான் நம்புகிறாள்... பொய்! அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்வரை தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தவன் நான். வந்ததும் மறுக்காமல் இருந்தவனும் நான்.

இத்தனை காலம் இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நாளைக் காலையில் உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் எனக்கில்லை. அவ்வளவுதான். இதைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள்.

நான் வன்னியைச் சேர்ந்தவன். துப்பாக்கிகள் சற்று ஓய்ந்திருந்த காலத்தில் கொழும்பு வழியாக வளைகுடாவுக்கு வந்தேன். அபுதாபியின் மேற்குக் கோடியில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் வெல்டர் வேலை. மனைவி செல்வராணியும் இரண்டு பிள்ளைகளும் விசுவமடுவில் இருந்தார்கள். மூத்தவள் யாழினி. அடுத்தவன் கபிலன்.

வந்த புதிதில் ஒருநாள், நான் ஒட்டி முடித்த குழாயை ஓர் இளம் பொறியியலாளன் சப்பாத்துக் காலால் தட்டினான். "யே க்யா ஹை? காட்டோ! ஜல்தி!" என்று, உடனே வெட்டச் சொல்லி எல்லோர் முன்னிலையிலும் ஹிந்தியில் கத்தினான். ஒட்டில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் நான் குனிந்து, கொதிக்கும் வெயிலில், என் கையால் செய்ததை என் கையாலேயே வெட்டினேன். அன்று முடிவெடுத்தேன். என் மகன் பொறியியலாளன் ஆவான். எவனும் அவன் வேலையைக் காலால் தட்டக்கூடாது!

தகப்பனுக்கு அப்படி ஓர் ஆசை இருப்பது குற்றமா? அப்போது நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டேன். ஆசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்கு எப்போதும் இலகுவாக இருந்தது.

பிறகு ஊரில் சண்டை மீண்டும் மூண்டது.

பள்ளிக்கூட வளவு முழுவதும் பதுங்கு குழிகள் வெட்டினார்கள். போர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் பிள்ளைகள் குழிக்குள் பாய்வார்கள். இரைச்சல் அடங்கினால் மண்ணைத் தட்டிக்கொண்டு வகுப்புக்குத் திரும்புவார்கள். ஒருமுறை திரும்பி வந்தபோது வகுப்பறையின் பாதிக் கூரை இல்லை. பூசணித் துண்டங்கள் மாதிரிச் சிதறிக் கிடந்தது அயலில் சோடா விற்ற மனிதர் என்று மனைவி போனில் சொன்னாள். நான் அதற்கு என்ன கேட்டேன் தெரியுமா? "கபிலனுக்கு நாளைக்கு வகுப்பு இருக்கோ?" என்று கேட்டேன்.

ஆம். அங்கே பீரங்கிச் செல் விழ, இங்கே குளிரூட்டிய அறையின் இரும்புக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் படிப்புக்குத் திட்டம் போட்டேன். எந்த ஆசிரியரிடம் போவது, எந்த வழியால் போவது, றோட்டை விட்டு வாய்க்கால் கரையால் சைக்கிள் ஓடினால் ஆபத்துக் குறைவா என்பதெல்லாம் என் யோசனைதான். வீட்டுப் பதுங்கு குழியை அகலமாக வெட்டச் சொன்னேன். உள்ளே ஒரு மேசை வைக்கவேண்டும் என்றேன். ஒரு மேசை! இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு ஒரு மேசை போதும் என்று யார் சொன்னது? நான்தான்.

இதையும் கேளுங்கள். சாதாரணதரப் பரீட்சையில் யாழினிக்குக் கணிதத்தில் ஏ. கபிலனுக்கு சி. அவனைக் கணிதப்பிரிவிலும் அவளைக் கலைப்பிரிவிலும் சேர்க்கச் சொன்னேன். கணித வகுப்பு தூரத்தில் நடந்தது. வயதுக்கு வந்த குமர்ப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்றேன்.

அதே குமர்ப்பிள்ளையைப் பின்னர் எங்கே அனுப்பினேன்...!

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். எங்களுக்கு விடுமுறை நாள். மதியத்தில் அறையில் சேவியர் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். அவன் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன்; எனக்கு மேல் கட்டில். வயதில் இளையவன், என்னை அண்ணாச்சி என்பான். அந்தக் கேம்பில் எனக்கென்று இருந்த ஒரே மனிதன் அவன்.

செல்வராணியின் அழைப்பு வந்தது. யாழினியையும் கூட்டிக்கொண்டு போய், ஊரிலிருந்த தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று எடுத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ... வந்திட்டினம். வீட்டுக்கொராள் கட்டாயமாம். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவினமாம். ஆரெண்டு நாங்கள்தான் சொல்ல வேணுமாம். சொல்லாட்டில் தம்பியை இழுத்துக்கொண்டு போவம் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம்."

போருக்கு ஆள் சேர்க்க இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளையைக் கேட்ட காலம் அது. கொடுக்காத வீட்டில் பிடித்துக்கொண்டு போவார்கள். மறித்த தாயை நிலத்தில் தள்ளி மிதித்த கதையெல்லாம் அவளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

"என்ர அண்ணை ஒரு வழி சொல்லுறார்," என்றாள் அவள். "ரெண்டு பேரையும் காட்டுக்குள்ள கொண்டுபோய் ஒளிச்சு வைப்பமாம். பிடிபட்டால் அடிப்பினம்தான். எண்டாலும் பாப்பம் எண்டுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

வழி இருந்தது! கவனித்தீர்களா? வழியே இல்லாத தகப்பனாக நான் இருக்கவில்லை. ஆபத்தான வழி, நிச்சயமில்லாத வழி. ஆனாலும் இரண்டு பிள்ளைகளுக்குமான வழி.

நான் சொன்னேன்: "காட்டுக்குள்ள போய் இருந்தால் அவன்ர சோதினை என்னாகிறது?"

என் மனைவிக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"யாழினியிட்டைக் குடு," என்றேன்.

"அப்பா..."

"பிள்ளை, அம்மா சொன்னவாதானே?"

"ஓம், அப்பா."

"தம்பிக்குச் சோதினை கிட்டுது. அவன் படிச்சு வந்தால்தான் எங்கட குடும்பம் நிமிரும். உங்கள் எல்லாரையும் அவன்தான் அங்கையிருந்து எடுப்பான். எனக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை, பிள்ளை. நீதான் மூத்த பிள்ளை... உனக்கு எல்லாம் விளங்கும்."

சொல்லிவிட்டு அழுதேன். அந்தக் கண்ணீர் உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் என் அழுகை அவளை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் சாப்பிடாமல் கட்டிலடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை அவள். தெரிந்துகொண்டே அழுதேன். அழுகையை நிறுத்த முடிந்தபோதும் நிறுத்தவில்லை.

"நான் போறன், அப்பா."

நான் பேசவில்லை.

"அப்பா? கேக்குதே?"

"கேக்குது, பிள்ளை."

"அழாதேங்கோ."

அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது. 'வேண்டாம்' என்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? மூச்சு ஒன்று போதும். அந்த ஒரு மூச்சை நான் என் மகளுக்குக் கொடுக்கவில்லை.

திரும்பினேன். சேவியர் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என் போன் சத்தமாகக் கேட்கும். அறையில் ஒரு சொல் தப்பாது.

"அண்ணாச்சி, அந்தப் புள்ள போறேன்னு சொல்லிச்சுல்லா? நீங்க ஏன் வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல?"

"உமக்கென்ன தெரியும்? வாயை மூடும்!"

"எனக்கும் ஊர்ல பொட்டப்புள்ள இருக்கு, அண்ணாச்சி. நீங்க அழுததே அவள அனுப்புறதுக்குத்தான். போன எடுங்க. திருப்பிக் கூப்பிடுங்க. இப்பவே வேண்டாம்னு சொல்லுங்க!"

கைக்கு அகப்பட்டது குக்கர் மூடி. அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். மூக்குத்தண்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கைகளை உயர்த்தவில்லை. அது என்னை இன்னும் வெறிகொள்ளச் செய்தது. மறுபடி அடித்தேன். கீழே விழுந்தவனின் விலாவில் உதைத்தேன். வாயிலிருந்து இரத்தமும் ஒரு பல்லும் சிமெந்துத் தரையில் விழுந்தன. பக்கத்து அறைப் பட்டாணியர் இருவர் ஓடிவந்து என்னைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள். "பஸ் கரோ, பாய்! கலாஸ்! மர் ஜாயேகா!"

செத்துப்போவான் என்றார்கள். சாகட்டும் என்றுதான் அடித்தேன். அறிந்தவன் ஒருவன் இல்லாமற்போனால் நடந்ததே இல்லாமற்போகும் என்று ஒரு மிருகம் எனக்குள் நம்பியது.

போலீசுக்குப் போயிருந்தால் என்னைச் சிறையில் போட்டு, பிறகு ஊருக்கு ஏற்றியிருப்பார்கள். சேவியர் கேம்ப் பொறுப்பாளரிடம், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். மறுநாள் கட்டிலை மாற்றிக்கொண்டு வேறு அறைக்குப் போனான். மூக்கு ஒருபக்கம் சாய்ந்த முகத்தோடு நெடுங்காலம் அதே பஸ்ஸில் வேலைக்கு வந்தான். நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. கேட்டால் எதற்காக அடித்தேன் என்றும் சொல்லவேண்டி வருமே!

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். யாழினி தானே போய் வாகனத்தில் ஏறினாள் என்று செல்வராணி சொன்னாள். தம்பியைக் கட்டிப்பிடித்து, "வடிவாப் படி" என்றாளாம். கபிலன் வாகனத்தின் பின்னால் ஓடியிருக்கிறான். ஒருவன் துப்பாக்கியைத் திருப்பி அதன் அடிப்பாகத்தால் அவன் நெஞ்சில் இடித்தான். அவன் மண்ணில் சுருண்டு விழுந்தான். வாகனத்திலிருந்து என் மகள், "அவனை விடுங்கோ, நான் வந்திட்டன்தானே!" என்று கத்திக்கொண்டே போனாளாம்.

பிறகு செல்வராணி என்னோடு நல்லது கெட்டது பேசுவதை விட்டாள். அரிசி இருக்கிறது, அவன் வகுப்புக்குப் போகிறான், செல் கிட்ட விழுகிறது. இவ்வளவுதான் பேச்சு. இணைப்புகள் எல்லாம் அறுந்துபோவதற்கு முந்தைய கடைசி அழைப்பில் மட்டும் கேட்டாள்.

"நீங்கள் ஏன் அவளை மறிக்கேல்லை?"

நான் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றேன். இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை.

அந்த உயர்தரப் பரீட்சையைக் கபிலன் எழுதினான். தேறவில்லை! கேள்வித்தாளைப் பார்த்தால் அக்காவின் முகம்தான் தெரிந்தது என்று பிற்காலத்தில் சொன்னான். 'வீட்டுக்கொராள்' என்ற பேச்சும் நிலைக்கவில்லை. சில மாதங்களில் அவனையும் கேட்டு வந்தார்கள். செல்வராணி அவனைக் குழிக்குள் இறக்கி, மேலே பலகை போட்டு, மண் கொட்டி, அதன்மேல் அடுப்பு மூட்டிச் சமைத்தாள். நான் பெரிதாகப் போட்ட கணக்கு அவ்வளவு சீக்கிரம் பொய்த்தது.

சனங்கள் ஊர் ஊராக நகர்ந்து, கடைசியில் கடலோரத்தின் ஒரு மணல் துண்டுக்குள் அடைபட்டார்கள். அங்கே கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது செல் விழுந்தது. செல்வராணியின் இடுப்புக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. கபிலன் அவளைக் கழன்ற கதவொன்றில் கிடத்தி இழுத்துப்போய், கைகளால் மணலைத் தோண்டிப் புதைத்தான். அடுத்த செல் அந்த மணலையும் கிளறியது. மறுபடி புதைத்தான். இவையெல்லாம் நடந்துகொண்டிருக்க, நான் ருவைஸ் மெஸ்ஸில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சோறு தின்றுகொண்டிருந்தேன்.

சண்டை முடிந்த பின் விடுப்பில் போனேன். முட்கம்பி முகாமில் கபிலனைக் கண்டுபிடித்தேன். யாழினியைத் தேடிப் பிடிக்க மேலும் காலம் எடுத்தது. இயக்கத்தில் இருந்தவள் என்று அவளைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. தலையோட்டுக்குள் ஓர் இரும்புத் துண்டு; எடுத்தால் ஆபத்து என்று விட்டிருந்தார்கள்.

விடுதலையாகி வந்தபின், ஒருநாள் முற்றத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். வெங்காயத்தைக் கால்விரல்களுக்கிடையில் இடுக்கி, ஒற்றைக் கையால் உரித்தாள். நான் வாங்கி உரிக்கப் போனேன், தரவில்லை.

"நான் சுட்டனான், அப்பா. எங்கட குழிக்குள்ள ஒரு ஆமிப் பெடியன் பாய்ஞ்சவன். தம்பியின்ர வயசிருக்கும். நெஞ்சில பட்டு எனக்கு மேலதான் விழுந்தவன். 'அம்மே... அம்மே' எண்டு கத்தினவன். கன நேரம் சாகேல்லை. அவன்ர ரத்தம் என்ர வாய்க்குள்ள எல்லாம் வந்திட்டுது. தள்ளிவிட எனக்கு மற்றக் கை இருக்கேல்லை, அது அப்பவே செல்லில போயிட்டுது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'உன்னை அங்கே அனுப்பியவன் நான், பிள்ளை' என்று அந்த முற்றத்தில் விழுந்திருக்க வேண்டாமா?

"நடந்தது நடந்துபோச்சு," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒரு ஆறுதல்தான், அப்பா. என்னை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகேல்லை. மற்றப் பிள்ளையளைப்போல இல்லை. நானாத்தான் போனனான்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அவளிடம் மிஞ்சியிருந்த சொத்து அது ஒன்றுதான். அதையும் நான் எப்படிப் பறிப்பேன்? மௌனம்தான் கருணை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கருணையா? கோழைத்தனமா? இரண்டும் ஒரே முகத்தோடு வருகின்றனவே... எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பிரித்தறிய விரும்பவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்!

கபிலன் மறுபடி படித்தான். மறுபடி எழுதினான். பொறியியல் பீடத்துக்குப் போனான். இன்று அபுதாபியில் ஒரு பெரிய நிறுவனத்தில் பொறியியலாளன். நான் நினைத்தது நடந்தது! தோற்றிருந்தால் ஒருவேளை என்னால் அழவாவது முடிந்திருக்கும். நண்பர்கள் வந்தால், "அக்கா இல்லாட்டில் நான் இல்லை" என்று சொல்வான். எல்லோரும் தலையசைப்பார்கள். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

வேலையை விட்ட பின் மகனின் வீட்டில்தான் இருக்கிறேன். யாழினி விசுவமடுவில் தனியாக இருக்கிறாள். திருமணம் சரிவரவில்லை. மழைக் காலத்தில் தலைவலி வந்தால் இரண்டு நாள் இருட்டறையில் கிடப்பாள். மற்ற நாட்களில் அயல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள்.

சென்ற மாதம் அப்படி ஒரு ஞாயிறு. மகனும் மருமகளும் வரவேற்பறையில் இருந்து பேத்தியின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டமா, இந்தியப் பாடத்திட்டமா? நீச்சல் குளம் இருக்கிறதா? பஸ் வீட்டு வாசலுக்கு வருமா? பேத்தி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி அடம்பிடித்தாள். நான் போனோடு அறைக்குள் இருந்தேன். அந்தப் பேச்செல்லாம் யாழினிக்கும் கேட்டிருக்கிறது. சிறிது நேரம் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் ஒண்டு கேக்கட்டோ?"

"கேள், பிள்ளை."

"நானும் ஏ.எல். சோதினை எடுத்துப் பாக்கட்டோ? பள்ளிக்கூடத்துக்குப் போகாமலும் எடுக்கலாமாம். எந்த வயசிலயும் விடுவினமாம். மற்ஸ்... எனக்கு மற்ஸ்தான் படிக்க ஆசையா இருந்தது."

நீங்கள் என்னை நம்பவேண்டும்: நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு சொல்லியிருப்பேன். அது தானாக, ஏற்கெனவே வாய்க்குள் இருந்ததுபோல வந்து விழுந்தது.

"இனி உனக்கு அது என்னத்துக்குப் பிள்ளை?"

அவள் முகம் திரையில் அசையாமல் நின்றது. இணைப்பு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு சிரித்தாள்.

"சும்மா கேட்டனான், அப்பா. நீங்கள் பிறஷர்க் குளிசை போட்டாச்சே?"

"போட்டாச்சு."

வைத்துவிட்டாள்.

ஆக, இத்தனை பிணங்களுக்குப் பிறகும்... அவள் கை போன பிறகும், செல்வராணி போன பிறகும், எனக்குள் இருக்கும் மனிதன் ஒரு மயிரிழைகூட அசையவில்லை! பழைய குற்றம் ஒன்றைச் சொல்கிறேன் என்றுதான் உங்களிடம் தொடங்கினேன். இதில் பழையது எது?

அறையை விட்டு வெளியே வந்தேன். கபிலன் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா என்னவாம், அப்பா?"

"ஒண்டுமில்லை," என்றேன்.